ஜாம்ஷெட்பூர் போன ஞானபாய் டீச்சர்

ஞானபாய் டீச்சர் ஜாம்ஷெட்பூர் போயிருக்கிறாள் என்று தெருவே நம்பியது. அண்ணனுக்கு அங்கே இரும்பாலையில் வேலை, அண்ணிக்குப் பிரசவம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாள். அண்ணன் இருந்தது உண்மை. இரும்பாலையும் உண்மை, பிரசவமும் உண்மைதான். போனது மட்டும் பொய். டீச்சர் தூத்துக்குடியிலேயே, தான் குடியிருந்த வீட்டின் பின்னறையில், சத்தம் வராமல் இருமப் பழகிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து ஊரான நாசரேத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசான பொய்யாக இருந்திருக்கும். ஆனால் நாசரேத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது சாத்தான்குளம் வரைக்கும் தெரிந்துவிடும். மிஷன் பள்ளிக்கூடங்கள் புண்ணியத்தில் அங்கே படித்தவர்கள் அதிகம், படித்தவர்கள் விசாரிப்பதும் அதிகம். அதனால் அவள் புருஷன் சுந்தரராஜ், விசாரிக்க ஆள் போக முடியாத ஊராகப் பார்த்து அவளை அனுப்பி வைத்தான்.

சுந்தரராஜுக்குத் துறைமுக அலுவலகத்தில் கிளார்க் வேலை. புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எந்தக் கப்பலில் எது வந்தது, எதில் எது போனது என்று எழுதி எழுதி, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் அவனுக்கு வீட்டு விஷயத்திலும் வந்துவிட்டது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஞானபாய்க்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். தாய் தகப்பன் போன பிறகு தங்கை ஜெயசெல்வியை வளர்த்து, படிக்க வைத்து, அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துவிட வேண்டும் என்று ராப்பகலாக அலைந்துகொண்டிருந்தவன். சாத்தான்குளத்திலிருந்து நல்ல இடம் ஒன்று கூடிவரும் நேரத்தில்தான் ஞானபாயின் நெஞ்சில் நிழல் விழுந்தது.

அவளுக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும், வெயில் வந்தால் ஓய்ந்துவிடும். அதோடு குடித்தனம் நடத்திக்கொண்டுதான் டீச்சர் டிரெயினிங் முடித்தாள், கல்யாணம் செய்தாள், கிருபையைப் பெற்றாள். முப்பது வயதைத் தாண்டியதும் இளைப்போடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இது ஈஸ்னோபீலியா என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. உடம்பு வற்றியது, புடவை இடுப்பில் நிற்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வலதுபக்க மேல் மூலையில் வெள்ளையாக ஒரு திட்டு. சளியைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் மெனக்கெடவில்லை. "டி.பி." என்று இரண்டே எழுத்தில் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். தூத்துக்குடிக்கு முந்தின புதுக்கோட்டை தாண்டியதும் சுந்தரராஜ் சொன்னான்.

"ஞானம், செல்விக்கு இப்பத்தான் பேச்சு நடக்கு. வீட்டுல டி.பி.ன்னு தெரிஞ்சா எவனும் வாசப்படி ஏற மாட்டான்."

"கிருபைக்கு ஒட்டிரக்கூடாது அத்தான்" என்றாள் ஞானபாய். அவளுக்கு அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தங்கைக்குப் பயந்தான், அவள் பிள்ளைக்குப் பயந்தாள். இரண்டு பயமும் சேர்ந்து ஒரே அறையைக் கட்டின.

அந்த அறை வீட்டின் கடைசியில், புழக்கடையை ஒட்டி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரியின் கிட்டங்கி. நிலாவாரை இலையை மூட்டை மூட்டையாக அடைத்து வைத்துக் கப்பலேற்றும் கிட்டங்கி அது. வெள்ளைக்காரர்கள் பேதிக்குச் சாப்பிடும் இலை. அவர்கள் வயிறு சுத்தமாவதற்காக நம் தெரு முழுக்க அந்த வாடை அடிக்கும். அறைக்குச் சந்துப் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சுந்தரராஜ் அதை மூடி ஆணி அடித்தான். டி.பி.க்குக் காற்றோட்டம் முக்கியம் என்று எங்கோ படித்திருந்ததால், கிட்டங்கிச் சுவரில் உயரத்தில் இருந்த காற்றுத் துவாரத்தின் பலகையை அவனே ஏணி வைத்து ஏறிக் கழற்றிவிட்டான். பாசத்தில்தான் செய்தான். அந்த வழியாக அவளுக்குக் கிடைத்தது கிட்டங்கிக் காற்று.

கதவுக்கு வெளியே பூட்டு இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது, அதைப் போட்டதும் ஞானபாய்தான். ஆறு வயசுப் பிள்ளை, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதனால் அம்மா ஊருக்குப் போய்விட்டாள் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம் என்றானபோது அவள் மறுக்கவில்லை. கிருபை பள்ளிக்கூடம் போன பிறகு ஜெயசெல்வி கதவைத் தட்டுவாள், தட்டும் செம்பும் உள்ளே போகும், கழுவ வேண்டியது வெளியே வரும். தன் பாத்திரங்கள் தனியாகச் சாம்பலில் புரட்டப்படும் சத்தம் ஞானபாய்க்குக் கேட்கும். ஊசி போட வெளியாளைக் கூப்பிட முடியாது என்று சுந்தரராஜே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடக் கற்றுக்கொண்டான். ஊசியைக் கொதிக்க வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்குவமாகத்தான் போடுவான். போட்டுவிட்டு உடனே வெளியே போய்க் கை கழுவுவான். அந்தத் தண்ணீர்ச் சத்தமும் அவளுக்குக் கேட்கும்.

சாத்தான்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முன்கட்டில் மாப்பிள்ளையின் தாயார் ஞானதீபம் உட்கார்ந்து சாவகாசமாகக் காப்பி குடிக்கிறாள், ஜெபம் செய்கிறார்கள், கீர்த்தனை பாடுகிறார்கள். பின்னால் இவளுக்குத் தொண்டையில் வந்து நிற்கிறது இருமல். சீலைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கடலில் சங்கெடுக்கக் குதிக்கிறவன்கூட முடியாவிட்டால் மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவளுக்கு அதுவும் இல்லை. "மைனி ஜாம்ஷெட்பூர்ல இருந்து லெட்டர் போட்டிருக்காங்களா?" என்று ஞானதீபம் கேட்டதும், "வாராவாரம் போடுதாங்க" என்று ஜெயசெல்வி சொன்னதும் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கு இடம் நிச்சயமானது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஞானபாயும் சந்தோஷப்பட்டாள், அதைச் சொல்ல வேண்டும். ஜெயசெல்வியை அவள் தங்கைக்கு மேலாகத்தான் வைத்திருந்தாள்.

சாயங்காலங்களில் கிருபை பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்கு வந்துவிடும். பின்னறைக் கதவுக்கு எதிரே, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்க வாசிக்கும். தப்பாக வாசிக்கும்போது ஞானபாயின் நாக்கு நுனி வரைக்கும் திருத்தம் வந்து நிற்கும். கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பாள். பின்னல் கோணலாக இருக்கும், பாவாடை நாடா தொங்கும். எழுந்து போய் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிவிட்டால் போதும், நாலு எட்டு தூரம்தான்.

ஒருநாள் பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கதவுக்கு அருகில் வந்து நின்றது. "அம்மா" என்றது. சத்தமாக இல்லை, ரகசியம் மாதிரி. கதவில் காதை வைத்துக்கொண்டு மறுபடியும் "அம்மா" என்றது. பலகைக்கு இந்தப் பக்கம் ஞானபாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதில் சொன்னால் பிள்ளை உள்ளே வரும், உள்ளே வந்தால் ஒட்டும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிருபை போய்விட்டது. அன்றைக்கு அழுத மாதிரி அவள் வேறு எதற்கும் அழுததில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கிட்டங்கிக் கூரை ஒழுகியது, இலை மூட்டைகள் நனைந்தன. நனைந்ததைப் பிரித்து, உலர்த்தி, உதறி மறுபடி கட்டினார்கள். துவாரத்தின் வழியாக வந்த காற்றில் புளித்த வாடை அடித்தது. படுக்கையில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில் மெல்லிய தூசி படிந்தது. ஊசி போட்டுத் தேறி வருகிறவள் என்று எல்லோரும் நினைத்திருந்த ஞானபாய்க்கு இளைப்பு அதிகமானது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள். ஊசி மருந்தால் இடது காதில் ஒரு ரீங்காரம் வேறு. இருமும்போது புளியங்கொட்டை நிறத்தில், ரப்பர்த் துண்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டிகள் வந்து விழுந்தன. நுரையீரலே பிய்ந்து வருகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. சாம்பலில் போட்டு மூடிவிட்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, உதடு நீலமாகிப் பேச்சு வராமல் அவள் சுவரோடு சாய்ந்துகிடந்ததைப் பார்த்துச் சுந்தரராஜ் பயந்துபோனான். முக்காடு போட்டு வாடகைக் காரில் ஏற்றி, தெரிந்த முகம் எதிர்ப்படாத தூரத்தில், தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர் டாக்டர் ஜேசுபாதம். ஐம்பது வயசு மனிதர், பேச்சு குறைவு. முதலில் மூச்சுக்கு ஊசியும் பிராணவாயுவும் கொடுத்து அவளை மனுஷியாக்கினார். பிறகு, "பழைய எக்ஸ்ரே எல்லாம் இருக்கா?" என்று கேட்டார். கச்சிதக்காரனான சுந்தரராஜ், இடையில் ஒருமுறை இருட்டோடு காரில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் எடுத்த படத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தான்.

டாக்டர் படங்களை வரிசையாக வெளிச்சத்தில் மாட்டினார்.

"இங்கன பாருங்க. ஆடி மாசம் நெழல் வலதுபக்கம் மேல. அடுத்த படத்துல அங்கன ஒண்ணும் இல்ல, இடதுபக்கம் நடுவுல வந்திருக்கு. இன்னைக்கு எடுத்ததுல வேற எடம். டி.பி. இப்படி மாசத்துக்கு ஒரு வீடு மாத்தாது. சளியில கிருமி பாத்தாங்களா?"

"இல்ல சார். படத்தைப் பாத்தே சொல்லிட்டாங்க."

"சளி என்ன நிறத்துல வருதும்மா?"

ஞானபாய் தலையைக் குனிந்துகொண்டு கட்டிகளைப் பற்றிச் சொன்னாள். சாகப் போகிறவள் கடைசி ரகசியத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒருத்தி துப்பியதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். டி.பி. கிருமி ஒரு தடவைகூடத் தென்படவில்லை. வேறு ஒன்று, நூல் நூலாகத் தென்பட்டது. ரத்தத்தில், ஒவ்வாமைக்கு ஏறுகிற ஈஸ்னோபில் அணுக்கள் கண்டபடி ஏறியிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மருந்தை வரவழைத்து முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டு ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் கொசுக்கடி மாதிரி தடித்தது, அடங்கியது. சாயங்காலம் மறுபடி வீங்கிச் சிவந்தது. டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், உங்களுக்கு டி.பி. கிடையாது. இது பூசணம்."

"ஊறுகாய்ல பூக்குமே, அந்தப் பூசணமா?" என்றான் சுந்தரராஜ்.

"அந்தச் சாதிதான். வைக்கோல், தானியம், நனைஞ்ச எலை, எல்லாத்துலயும் பூக்கும். அதோட தூள் காத்துல பறக்கு. நானும் இழுக்கேன், நீங்களும் இழுக்கீங்க, நமக்கு ஒண்ணும் செய்யாது. டீச்சரை மாதிரி இளைப்பு உள்ளவங்கள்ல சில பேருக்கு மட்டும் சளியில ஒட்டிக்கிட்டு அங்கனயே வளந்துரும். அது நுரையீரலை அரிச்சுத் திங்கல. ஆனா உடம்பு அதைக் கண்டாலே ஆத்திரப்பட்டு ஆர்ப்பாட்டம் பண்ணுது. காய்ச்சல், இளைப்பு, படத்துல தெரியுத நெழல், எல்லாம் அந்த ஆர்ப்பாட்டம்தான். ஆர்ப்பாட்டத்தை இப்படியே விட்டாத்தான் நுரையீரல் கெட்டுப்போகும்."

"ஒட்டுமா சார்?" இது ஞானபாய்.

"ஒட்டாது. பிள்ளையத் தூக்கி முத்தம் குடுக்கலாம்."

அவள் அந்த இடத்திலேயே உடைந்து அழுதாள். அழ அழ இருமல் வந்தது, இருமி முடித்து மறுபடி அழுதாள்.

பிரட்னிசலோன் என்று சின்ன வெள்ளை மாத்திரை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். முதலில் நிறைய, படம் தெளிந்த பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாக. நன்றாகிவிட்டது என்று நினைத்து வெடுக்கென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் விரல் நீட்டிச் சொன்னார். முகம் உப்பும், பசி எடுக்கும், எலும்பு பலம் குறையும், அதையும் மறைக்கவில்லை. தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தட்டிச் சளியை இறக்க நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். ஒரு வாரத்துக்குள் ஞானபாய் மாடிப்படி ஏறினாள். பத்து வருஷமாக அவள் அப்படி மூச்சு விட்டதில்லை. காற்று உள்ளே போய் அடிவரைக்கும் தொடுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கிளம்பும்போது டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார். ஆணி அடித்த ஜன்னலையும் கழற்றிய பலகையையும் சுந்தரராஜ் ஒளிக்காமல் சொன்னான்.

"அறைதான் முழுக் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா எரியுத நெருப்புல நீங்க நல்லா எண்ணெய் ஊத்தியிருக்கீங்க. அந்த அறையை விட்டு அவங்க வெளிய வரணும். மாத்திரை மாதிரி அதுவும் மருந்து."

சுந்தரராஜ் தலையாட்டினான். தலையாட்டியதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் இரவோடு இரவாகப் பின்னறைக்கே கூட்டிப் போனான். காற்றுத் துவாரத்தை சிமென்ட் வைத்து அடைத்திருந்தான், சுண்ணாம்பு அடித்திருந்தான், புதுப் பாய் வாங்கிப் போட்டிருந்தான்.

"டி.பி. இல்லன்னு ஆயிட்டே அத்தான். நான் ஏன் உள்ள இருக்கணும்?"

"வெளிய வந்தா என்னன்னு சொல்ல? இத்தன நாள் நீ இங்கனதான் இருந்தன்னு தெரிஞ்சா, எதுக்கு ஒளிச்சு வச்சாங்கன்னு கேப்பாங்க. டி.பி. இல்ல பூசணம்னு சொன்னா எவன் நம்புவான்? அடுத்து கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். மூணு ஞாயிறு. தடை உள்ளவங்க சொல்லலாம்னு பாதிரி ஐயர் பலிபீடத்துல நின்னு கேப்பாரு. எவனாவது எந்திரிச்சா?"

"கிருபைய மட்டுமாவது உள்ள விடுங்க."

"சின்னப்பிள்ள வாயி. பள்ளிக்கூடத்துல சொல்லிரும்."

முன்பு நோய்க்காகப் பிள்ளையைப் பிரித்தார்கள். இப்போது நோய் இல்லை என்பதற்காகப் பிரித்தார்கள். எந்தக் கணக்கில் இது சேரும் என்று ஞானபாய்க்கு விளங்கவில்லை. ஆனாலும் ஜெயசெல்வி வாசலில் நின்று, "மைனி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்" என்று விம்மியபோது அவள் தாழ்ப்பாளை மறுபடி உள்ளே போட்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில் புதுச்சட்டை சரசரக்க எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். கிருபையின் செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டு அப்புறம் நின்றது. நெஞ்சில் இளைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, நல்ல பசி, நல்ல மூச்சு. இவ்வளவு ஆரோக்கியத்தையும் வைத்துக்கொண்டு நாலு சுவருக்குள் உட்கார்ந்திருப்பது, மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைவிடப் பொறுக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த புருஷனிடம் சொன்னாள்:

"முதல் ஓலை வாசிக்க முன்னால நான் வெளிய வந்துருவேன். எப்படிக் கொண்டுவரணுமோ கொண்டுவாங்க. இல்லன்னா நானே கதவத் தொறந்து தெருவுல வந்து நிப்பேன்."

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் அவன் பயந்தான்.

ஜாம்ஷெட்பூரிலிருந்து வருகிறவள் மணியாச்சியில் வண்டி மாறித்தான் தூத்துக்குடி வர முடியும். ஆகவே இருட்டோடு அவளை மணியாச்சிக்குக் காரில் கொண்டுபோய், அங்கே தூத்துக்குடி வண்டியில் ஏற்றி, காலை வெயிலில் ஊரறிய இறக்கினான் சுந்தரராஜ். கையில் டிரங்குப் பெட்டி. அதற்குள் ஜாம்ஷெட்பூர் எவர்சில்வர் டம்ளர்கள், தூத்துக்குடி பெரிய மார்க்கெட்டில் முந்தின நாள் வாங்கியவை. மாத்திரையால் உப்பிய முகத்தைப் பார்த்துத் தெருப் பெண்கள் பூரித்துப்போனார்கள். "வடநாட்டுத் தண்ணி டீச்சருக்கு நல்லா ஒத்துக்கிட்டு" என்றாள் ஒருத்தி. "முழுகாம இருக்காளோ?" என்று காதோடு கேட்டாள் இன்னொருத்தி. ஞானபாய் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவள் கண் வாசலையே தேடியது.

கிருபை அத்தையின் சீலைக்குப் பின்னால் நின்றது.

"வா ளா, அம்மா வந்திருக்கேன்" என்று கை நீட்டினாள். பிள்ளை வரவில்லை. பாராத முகம் பார்ப்பது மாதிரியும் பார்க்கவில்லை. எல்லாம் தெரிந்த பெரிய மனுஷி மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. "கொஞ்ச நாள் ஆகும் மைனி, கூச்சம்" என்றாள் ஜெயசெல்வி. ஞானபாயின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது.

அன்றைக்கே பிற்பகலில் ஞானதீபம் வந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை, அடுத்து ஜவுளி எடுக்க வேண்டும், சம்பந்தி வீட்டு மருமகள் வந்த கையோடு பேசிவிடலாம் என்று. நல்ல உயரம், வெள்ளைச் சீலை, ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மிடுக்கு. ஞானபாய் காப்பி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ரயிலில் கூட்டமா, அண்ணி பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்கள், அங்கே தமிழ்க் கோயில் உண்டா என்று ஞானதீபம் கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் சுந்தரராஜ் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

கிருபை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்ன ளா, அம்மா ஊர்ல இருந்து வந்துட்டாளா? சந்தோஷமா?" என்று ஞானதீபம் கேட்டாள்.

"அம்மா ஊருக்குப் போகல" என்றது கிருபை. "பின்னால அந்த ரூம்லதான் இருந்தாங்க."

சுந்தரராஜ் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "அது சும்மா, அம்மாவத் தேடித் தேடி இப்படி ஏதாவது கட்டிச் சொல்லும்."

ஞானதீபம் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு ஞானபாயைப் பார்த்தாள். "பிள்ள என்ன சொல்லுது டீச்சர்?"

ஜெயசெல்வி சமையலறை வாசலில் நின்றபடி மைனியின் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், "பொய் சொல்லாத ளா" என்று ஒரே ஒரு அதட்டல். கல்யாணம் நடந்துவிடும், எல்லாம் ஒழுங்காகிவிடும். கிருபை மட்டும் அழவில்லை, கெஞ்சவில்லை. அம்மா என்ன சொல்கிறாள் என்று பார்ப்பதற்காக நின்றது. இதையும் இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை தன்னிடம் இனி வரவே வராது என்பது ஞானபாய்க்குத் தெரிந்தது.

"பிள்ள சொல்லுததுதான் உண்மை" என்றாள்.

ஆரம்பித்த பிறகு அவள் நிறுத்தவில்லை. பாளையங்கோட்டை எக்ஸ்ரே, அறை, ஊசி, டாக்டர் ஜேசுபாதம், பூசணம், மாத்திரை, மணியாச்சி, எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்கும் ஒட்டாத நோய் என்று டாக்டர் எழுதித் தருவார் என்றும் சொன்னாள். ஞானதீபம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டி.பி. இல்லன்னா எதுக்கு அடைச்சு வச்சீங்க?"

"இல்லன்னு தெரியாதப்ப நோய்க்குப் பயந்து அடைச்சோம். தெரிஞ்ச பொறவு உங்களுக்குப் பயந்து அடைச்சோம்."

ஞானதீபம் எழுந்தாள். "எங்க வீட்டுலயும் ஒருத்தி டி.பி.ல செத்திருக்கா. எனக்கு நோய் ஒண்ணும் புதுசு இல்ல. பின்னால ஒரு மனுஷிய வச்சுக்கிட்டு முன்னால சிரிச்சுச் சிரிச்சுக் காப்பி குடுத்தீங்களே, அந்த மனசு எங்களுக்கு ஆகாது" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணம் நின்றது. அதைப் பூசி மெழுக முடியாது. ஜெயசெல்விக்கு வேறு இடம் அமைய மூன்று வருஷம் ஆனது, அந்த மூன்று வருஷமும் அவள் மைனியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சுந்தரராஜ் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திண்டாடிப்போனவன் மாதிரி வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஞானபாய் நடுக்கூடத்தில் தனியாக நின்றாள். உள்ளே ஜெயசெல்வி அழுகிற சத்தம், ஆறிப்போன காப்பி. அறையை விட்டு வந்தும் எங்கேயும் வந்து சேராத மாதிரி இருந்தது அவளுக்கு.

கிருபை மெதுவாக வந்து எதிரே நின்றது.

"நீங்க ஏன் என்னக் கூப்பிடல?"

"உனக்கு ஒட்டிருமோன்னு பயந்துட்டேன் ளா."

"நான் கூப்பிட்டேனே" என்றது பிள்ளை. "கதவுகிட்ட வந்து கூப்பிட்டேனே. கேக்கலயா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். காதில் ரீங்காரம் என்று சொல்லலாம், தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம், ஆறு வயசுப் பிள்ளை நம்பும். ஞானபாய் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சு" என்றாள். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

கிருபை இரண்டு கையையும் மடக்கி அவள் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தியது. ஞானபாய் தடுக்கவில்லை. கை ஓய்கிற வரைக்கும் குத்திவிட்டு, அந்த இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. பின்னல் கோணலாகத்தான் இருந்தது. அவள் அதை அவிழ்த்து, விரலாலேயே கோதி, மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள்.